முதல் பந்தி

சென்னியப்பன் தன் வாழ்நாளில் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தவர் அல்ல. கல்யாணமோ கருமாதியோ கோயில் பொங்கலோ, எதுவானாலும் முதல் இலை அவருக்குத்தான். ஒருமுறை சம்பந்தி வீட்டு விசேஷத்தில் விவரம் தெரியாத யாரோ, "அடுத்த பந்தியில உக்காரலாமுங்க" என்று சொல்லிவிட, மொய்கூட வைக்காமல் காரேறி வந்துவிட்டார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். பழமொழியின் முதல் பாதியில் அவர் கெட்டிக்காரர் என்பது திருப்பூருக்கே தெரியும். இரண்டாம் பாதியிலும் கெட்டிக்காரர்தான் என்பது, நுரையீரலில் புற்று வந்த பிறகு, அவருடைய ஒரே மகள் மிருதுளாவுக்குத் தெரிந்தது.

அன்று காலை அவிநாசி ரோட்டு பங்களாவில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். வாட்ச் இருக்க வேண்டிய இடத்தில் நகமளவுக்கு ஒரு சின்னத் திரை. தினமும் அதில் பச்சைப் புள்ளி எரியும். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு அதைப் பார்ப்பார், தொண்டையை ஒருதரம் செருமுவார், "பச்சைதான்" என்பார், மாத்திரையை முழுங்குவார். அப்புறம்தான் இட்லி.

அன்று புள்ளி மஞ்சளாக இருந்தது.

"கண்ணு, அவளுக்கு என்னமோ ஆயிருச்சாட்டம் இருக்குது. நப்பின்னை டாக்டருக்கு உடனே போனைப் போடு" என்றார். மாத்திரையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார்.

முன்பின் தெரியாதவர் கேட்டால், பெரிய மனுஷனுக்கு எவ்வளவு ஈரம் என்று உருகிப் போயிருப்பார். முதல் இரண்டு மாதம் மிருதுளாவும் உருகித்தான் போனாள். சமையலுக்கு உப்புப் போதுமா என்று பார்க்கிறவனின் அக்கறைதான் அது என்று பிறகு புரிந்துகொண்டாள். புரிந்தும் பேசாமல் இருந்தாள். அப்பா பிழைத்திருந்தார், அது போதும் என்றிருந்தது.

நோய் தெரிந்த அன்று டாக்டர் நப்பின்னை எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் சொன்னார்.

"எங்கப்பா ஒரு பீடி தொட்டதில்லீங்க டாக்டர்" என்று மிருதுளா அழுதாள்.

"தொடாதவங்களுக்கும் வரும்மா. கட்டியில ஒரு ஜீன் மாறியிருக்கு. அது நிறுத்தாம 'வளரு, வளரு'ன்னு சொல்லிட்டே இருக்கும். எலும்பு வரைக்கும் பரவியாச்சு, அதனால ஆபரேஷன் கிடையாது. ஆனா அந்த ஜீனை மட்டும் பூட்டிப்போடற மாத்திரை இருக்கு. மத்த உடம்பை அதிகம் தொடாது."

"அப்போ சரியாயிருமுங்களா?"

"அடங்கும். ஆனா கட்டி சும்மா இருக்காது. அந்தப் பூட்டை உடைக்க ஒரு வழி தேடும். வருஷமோ ரெண்டு வருஷமோ கழிச்சுக் கண்டுபிடிச்சிடும். அது எந்த வழின்னு முன்கூட்டியே தெரிஞ்சா, அந்த வாசலையும் அடைக்க அடுத்த மாத்திரையைத் தயாரா வெச்சிருக்கலாம். அதுக்குத்தான் வழித்துணைத் திட்டம்."

வழித்துணை. பேர் வைத்தவன் நாக்கைச் சர்க்கரையில் முக்கி எடுத்திருப்பான். அதே ஜீன் மாறிய அதே புற்று, உடம்பின் பிற கூறுகளும் ஏறக்குறைய ஒன்றாக உள்ள இன்னொரு நோயாளியைத் தேடிப் பிடிப்பார்கள். அவர் முன்வரிசை. மாத்திரை முதலில் அவருக்குப் போகும், அதுவும் கூடுதல் வீரியத்தில். அவருடைய கட்டி விரைவாக வழி தேடும். அது தப்பிய வழியைப் பார்த்து, பின்வரிசையில் இருப்பவருக்கு அடுத்த மருந்தைச் செய்வார்கள். முன்வரிசைக்காரரின் நிலை பின்வரிசைக்காரரின் மணிக்கட்டுத் திரையில் புள்ளியாகத் தெரியும். முன்வரிசைக்காரருக்கு எல்லாம் இலவசம். காசில்லாதவருக்கு அந்த மருந்தை வேறு எப்படியும் கண்ணால் பார்க்க முடியாது, ஆகவே இது இருவருக்கும் நன்மை என்றது திட்டத்தின் விளம்பரம்.

உடம்பின் கூறுகள் ஒத்துப்போக வேண்டுமென்றால் எங்கே தேடுவது? நம் ஊரில் அதற்கு விஞ்ஞானி வேண்டியதில்லை. ஆயிரம் வருஷமாகச் சொந்த சாதிக்குள்ளேயே கட்டிக்கொடுத்துக் கட்டிக்கொண்ட நாடு. கல்யாணத் தரகர்கள் எல்லாம் ஜாதகக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு முன்வரிசைத் தரகர்கள் ஆகிவிட்டார்கள். தரகர் வேலுச்சாமி சங்கத்தில் சொல்லி, சென்னியப்பனின் சாதியில் நொடித்துப்போன குடும்பங்களாகப் பார்த்து அலைந்தார். யாரும் சரியாகப் பொருந்தவில்லை. பிறகு திடீரென்று ஒருநாள், ஊருக்குக் கிழக்கே ஒதுக்குப்புறமாக இருந்த குடியிருப்பான கிழக்கு வளவிலிருந்து மயிலாத்தாள் வந்தாள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள். சாதி வேறு. ஆனால் பொருத்தம் அபாரம்.

டாக்டர் அன்றைக்கு ஒரு கேள்வியை மூன்று தடவை கேட்டார். "அந்தம்மா உங்களுக்கு எந்த வகையிலயும் சொந்தம் இல்லையே?"

சென்னியப்பன் சிரித்தார். "சொந்தமா? அவியளா? ஏனுங் டாக்டர், பாத்தாத் தெரியலீங்களா?"

"சொந்தம்னா வரிசையை நாங்க போடக் கூடாது, யாரு முன்னாலன்னு குடும்பம்தான் முடிவு பண்ணணும்னு சட்டம். அதனால கேக்கறேன்."

"இல்லீங்க. எழுதிக்கோங்க."

அதற்கடுத்த வாரம் திட்டத்தின் வழக்கப்படி மயிலாத்தாளை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மிருதுளாதான் காகிதத் தட்டில் இரண்டு வடையும் காகித டம்ளரில் காப்பியும் கொண்டுபோய்க் கொடுத்தாள். சென்னியப்பன் கீழே இறங்கி வரவில்லை, மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். அவள் போன பிறகு நாற்காலியைக் கழுவச் சொன்னார். அவள் உட்கார்ந்த நாற்காலி ஆகாது. அவள் உடம்பில் ஓடிப் பழகிய மருந்து மட்டும் அமிர்தம். தோட்டக்காரன் குழாயைப் பிடித்து நாற்காலியைக் கழுவியதை மிருதுளா பார்த்துக்கொண்டு நின்றாள்.

மஞ்சள் புள்ளி எரிந்த அன்று மிருதுளா சூலூருக்குப் போனாள். முன்வரிசைக்காரர்களைத் தங்க வைத்திருக்கும் இல்லம் அங்கேதான். மாதம் ஒருமுறை பின்வரிசைக் குடும்பம் நன்றித் தட்டு கொண்டுபோக வேண்டும்: சேலை, பழம், வெற்றிலை பாக்கு, பூ. வளைகாப்புக்குப் போவதுபோல் அதைக் கையில் தூக்கிக்கொண்டு அந்த வராந்தாவில் நடக்க வேண்டும்.

மயிலாத்தாள் கட்டிலில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுமாம். முகமெல்லாம் சிவந்த பருக்கள். விரல் நகங்களைச் சுற்றிச் சீழ் கட்டி, நகமே சதைக்குள் புதைந்திருந்தது. வீரியம் அதிகம் என்று அவள் நகம் சொன்னதால்தான் சென்னியப்பனுக்கு அளவைக் குறைத்தார்கள். அவர் நகங்கள் கல்யாண மாப்பிள்ளையின் நகங்களைப் போல் பளபளத்தன.

"வாங்க அம்மிணி. இன்னொரு சேலையா?" என்றாள் மயிலாத்தாள். "ஆஸ்பத்திரி கவுனையே கழட்ட முடியல. போன மாசத்துச் சேலையை ஆயாவுக்குக் கொடுத்துட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"மூச்சு ரொம்ப வாங்குதே. மருந்து ஏதும் குடுக்கலீங்களா?"

"கேட்டேன். குடுக்கக் கூடாதாம். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கோணுமாம்."

மிருதுளா நேராக டாக்டர் நப்பின்னையின் அறைக்குப் போனாள்.

"அந்த அம்மாவோட கட்டி மாத்திரையைத் தாண்டிடுச்சு" என்றார் டாக்டர். "உங்கப்பா பயப்பட வேண்டாம். அவருக்கு இப்போதைய மாத்திரை நல்லாவே வேலை செய்யுது, நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க. இன்னும் மூணு வாரத்துல ரெண்டாவது தடவை சதை எடுத்துப் பாத்தா, எந்த வழியில தாண்டுச்சுன்னு தெளிவாத் தெரிஞ்சிடும்."

"அதுவரைக்கும் அவங்களுக்கு?"

டாக்டர் மேசையைப் பார்த்தார். "பழைய கீமோ ஊசி போட்டா கட்டி கொஞ்சம் அடங்கும். நெஞ்சுல கோத்திருக்கற நீரையும் எடுத்துவிடலாம். அடுத்த மாத்திரை வர்ற வரைக்கும் தாக்குப்பிடிக்கலாம்."

"அப்போ போட வேண்டியதுதானே?"

"போட்டா தடம் கலைஞ்சிடும்மா. எந்த வழின்னு பாக்க முடியாது. முன்வரிசைன்னா அதுதான் ஒப்பந்தம்."

"அதாவது, அவங்க மூச்சுத் திணறணும். நீங்க பக்கத்துல நின்னு பாத்துக் குறிப்பெடுக்கணும்."

"உங்க அப்பாவுக்காகத்தான்" என்றார் டாக்டர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வெளியே வராந்தாவில் தரகர் வேலுச்சாமி, வெள்ளை வேட்டி சரசரக்க, பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க அம்மிணி! அப்பா எப்படி இருக்காருங்? இந்தப் பொம்பளை இனித் தேறாதுன்னாங்க. அடுத்த ஆள் பாத்து வெக்கோணும்னு கூப்பிட்டு விட்டாங்க. ஆனா இந்த மாதிரிப் பொருத்தம் இனிக் கெடைக்காதுங்க."

"எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க இவங்களை?" என்று கேட்டுவைத்தாள். பேச்சை முடித்துக்கொண்டு நகரத்தான் கேட்டாள்.

"எனக்கு இதுல அலைச்சலே இல்லீங்க! நம்ம ஆளுங்கள்ல நாப்பது பேரு பாத்தும் சேரலைன்னு போய் நின்னேன். அப்பாதான் சொன்னாரு. 'வேலுச்சாமி, கெழக்கு வளவுல வேப்பமரத்து வீடு. எங்கப்பாரு காலத்துல தோட்டத்துக்கு வந்துட்டிருந்த ராமாத்தாளோட மூத்த புள்ள. அவளுக்கும் நெஞ்சுல சீக்குன்னு கேள்விப்பட்டேன். ரத்தம் எடுத்துப் பாரு, சேரும்'னாரு. சேந்துச்சுல்லீங்களா!" வேலுச்சாமி குரலைத் தாழ்த்தினார். "பெரியவிய சமாச்சாரம், நமக்கெதுக்குங்க. அந்தப் பொம்பளைகிட்டயும் சொல்லி வெச்சுட்டேன், வாயைத் தொறந்தா மருந்து நின்னு போயிரும்னு. அப்புறம் அம்மிணி, உங்களுக்கும் இப்பவே ஒரு முன்வரிசை பாத்து வெச்சுக்கலாமுங்களே? வந்த பொறவு தேடறது சிரமம். அவளுக்குத் தங்கச்சி மகள் ஒருத்தி இருக்கறா."

மிருதுளா கழிவறைக்கு ஓடினாள். காலையில் தின்ற இரண்டு இட்லியும் வெளியே வந்தன. வாயைக் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். அப்பாவின் மூக்கு, அப்பாவின் கீழுதடு. தாத்தாவுக்கும் அதே உதடுதான், கூடத்துப் படத்தில் பார்த்திருக்கிறாள்.

மயிலாத்தாள் யார் என்று அப்பாவுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். அவள் படித்தாளா, தின்றாளா, யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று ஒருநாள் விசாரித்ததில்லை. தாத்தா செத்தபோது பிணத்தின் முகத்தைக்கூட அவளுக்குக் காட்டியிருக்க மாட்டார்கள். காணி பூமி பிரித்தபோது அந்த ரத்தம் ரத்தமில்லை. தன் நெஞ்சுக்குள் கட்டி வந்த அன்றைக்குத்தான், வேப்பமரத்து அடையாளத்தோடு, அப்பாவுக்கு அந்த ரத்தம் ஞாபகம் வந்திருக்கிறது. சீ, இதுவும் ஒரு ஞாபகமா!

மறுபடியும் மயிலாத்தாளின் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

மயிலாத்தாள் தலையசைத்தாள்.

"எங்காத்தா சாகறப்பச் சொன்னா. அவ சொல்லோணுமா, வளவு பூராத் தெரியும். சின்னதுல உங்க தோட்டத்துக் கெணத்தடியில என்னையும் உங்கப்பனையும் பக்கத்துல நிக்க வெச்சு, 'ஒரே அச்சு'ன்னு எவனோ சொல்லிப்போட்டான். அன்னைக்கு எனக்குத்தான் அடி விழுந்துச்சு."

"ஏன் டாக்டர்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா மருந்து நின்னு போயிருமாம். எனக்குச் சாகறதுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க அம்மிணி. எங்கூட்டு வாசல்ல முருங்கை வெச்சிருக்கறேன், இந்த வருசம்தான் பூ வெச்சுருக்குது. பாக்கோணும்." சீழ் பிடித்த விரல்களைக் கவுனுக்குள் மறைத்துக்கொண்டாள். "உங்கப்பனை ஒண்ணும் சொல்லாதீங்க. பெரியவிய."

மருத்துவர்களோடு பேசுவது பொம்பளை வேலை என்று சென்னியப்பன் தன் சிகிச்சைக்கான அதிகாரம் முழுவதையும் மகள் பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அவள் மறுபடி டாக்டரின் அறைக் கதவைத் தட்டினாள். தராசின் மறுதட்டில் இருந்தது சோதனைக்கூடம் இல்லை, அப்பா. சைக்கிள் பழக்கிய அப்பா, அம்மா போன பிறகு இரண்டு வருஷம் தன் கையால் தலை பின்னிவிட்ட அப்பா. அவர் நல்லவராக இருந்ததே இல்லை என்றால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

"டாக்டர், மயிலாத்தாள் எங்க அத்தை. எங்கப்பாவோட கூடப் பிறந்தவங்க. அப்பா வழியில."

நப்பின்னை ஆச்சரியப்படவில்லை.

"உங்களுக்கும் தெரியும்."

"பொருத்தம் இவ்வளவு வந்தா எனக்குத் தெரியாதாம்மா? எங்க வேலை கேக்கறதோட சரி. வர்ற பதிலை நோண்டறதில்லை." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "யோசிச்சுச் சொல்லுங்க. சொந்தம்னு பதிவானா வரிசை ரத்து. யாரு முன்னாலன்னு உங்க குடும்பம் சொல்லணும். அவங்க பின்வரிசைக்குப் போனா இன்னைக்கே ஊசி போடலாம், நீரை எடுக்கலாம். அவங்க தடம் பாதியிலேயே நிக்கும். தெரிஞ்ச பாதியை வெச்சு அடுத்த மாத்திரையைச் செய்வோம். அரைகுறையா இருக்கலாம். அதோட முதல் வாய் உங்கப்பாவுக்கு."

"வேண்டாம்னா?"

"மறுக்கலாம். மறுத்தா இப்போதைய மாத்திரை ஓடற வரைக்கும்தான்."

மிருதுளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாது டாக்டர். எங்க வீட்டுல எப்பவும் மூத்தவங்களுக்குத்தான் முதல் பந்தி. எங்கப்பா மூத்தவர்."

அன்று சாயங்காலம் திட்டத்து ஆள் ஒருவர் பங்களாவுக்கு வந்து, சென்னியப்பனின் மணிக்கட்டிலிருந்து அந்தத் திரையைக் கழற்றிக்கொண்டு போனார். முன்வரிசைக்காரருக்குத் திரை கிடையாது. அவருக்கு முன்னால் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்?

சென்னியப்பனின் சத்தம் தெருமுனை வரை கேட்டது. "எவளோ ஒருத்தியைக் கொண்டாந்து எனக்குத் தங்கச்சிங்கறயா? எந்த ஊர் நாயம் இது? எங்கப்பாரு பேரைக் கெடுக்கறக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?"

"கெழக்கு வளவு, வேப்பமரத்து வீடு" என்றாள் மிருதுளா. "அடையாளம் சொன்னது நான் இல்லப்பா."

திரை இருந்த இடத்தில் மணிக்கட்டுத் தோல் வெளுத்திருந்தது. பார்க்க ஒன்றுமில்லாத அந்த இடத்தை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னைக் கொன்னு போட்டயே கண்ணு."

"இல்லப்பா. உங்களுக்கு முதல் பந்திதானே பிடிக்கும்" என்றாள். சொன்ன பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மழைக்காலம் முடியும்போது புது மாத்திரை வந்தது. சென்னியப்பன் முந்தின ராத்திரியெல்லாம் கத்தினார், பிறகு விடிந்ததும் முழுங்கினார். வேறென்ன செய்வார், அவருக்கும்தான் சாக அவசரமில்லை. மிருதுளா அவரைக் கவனித்துக்கொள்ள நர்ஸை வைத்துவிட்டுக் கிழக்கு வளவுக்குப் போனாள்.

ஊசியும் வைத்தியமுமாக மயிலாத்தாள் ஓரளவு தேறியிருந்தாள். முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள் மணிக்கட்டில் அந்தச் சின்னத் திரை. இன்னொரு கையில் அவளுக்கான புது மாத்திரை. உள்ளேயிருந்து யாரோ ஒரு தட்டில் தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"வா கண்ணு" என்றாள் மயிலாத்தாள். அம்மிணி போய்க் கண்ணு வந்திருந்தது.

"எப்படி இருக்கீங்க அத்தை?"

"எனக்கென்ன. அண்ணனுக்கு எப்படி இருக்குது? முழுங்கிட்டாரா?"

"முழுங்கிட்டாரு. வாந்தி. உடம்பெல்லாம் தடிப்பா இருக்குது. டாக்டர் பாத்துட்டு இருக்காங்க."

"அடப் பாவமே" என்றாள் மயிலாத்தாள். உண்மையான பாவம்தான் அது. சொல்லிவிட்டு மாத்திரையைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். மணிக்கட்டை மெல்லத் திருப்பினாள்.

கீழுதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். தொண்டையை ஒருதரம் செருமினாள்.

மிருதுளா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் மஞ்சளாத்தான் இருக்குது கண்ணு" என்றாள் அத்தை. "பச்சையானதுக்கு அப்புறமே போட்டுக்கறேன். நீ டாக்டருக்கு ஒரு போனைப் போடு. அவருக்கு என்னன்னு கேளு."